"நான் யார்"னு கேட்டா தலைவலிதான் வருது, எங்க தப்பு பண்றேன்?

நொய்யல்கரை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருக்கேன், எழுதறது இதுதான் மொதல் தடவை, கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்கோங்க.

எனக்கு 44 வயசு, ஈரோடு பக்கம், ஒரு துணி கம்பெனில கணக்கு பாக்கறேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி எங்கம்மா தவறிட்டாங்க. கடைசி ரெண்டு வருஷம் என்கூடத்தான் இருந்தாங்க, ரெண்டு கிட்னியும் போயி வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ், நான்தான் கூட்டிட்டு போயி கூட்டிட்டு வருவேன். போறதுக்கு முந்தின நாள் ராத்திரி தண்ணி கேட்டாங்க. டாக்டர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு அளவு சொல்லியிருந்தாரு, அன்னிக்கு அந்த அளவு முடிஞ்சு போச்சு. "எத்தனை தடவைம்மா சொல்றது, இன்னிக்கு அவ்வளவுதான்"னு வெடுக்குனு சொல்லிட்டு லைட்டை அணைச்சுட்டு வந்துட்டேன். மறுநாள் மத்தியானம் போயிட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினதுக்கு அப்புறம் அந்த ஒரு வார்த்தை மட்டும் வீட்டுல என்கூடவே இருக்குதுங்க. தண்ணி டம்ளரை எடுத்தாலே அதுதான் வருது.

ஆபீஸ்ல ஒரு பெரியவர் ரமண மகரிஷியோட நான் யார் புஸ்தகத்தைக் கொடுத்து, மனசு அடங்கணும்னா இதுதாம்மா வழின்னாரு. சின்னப் புஸ்தகம், மூணு தடவை படிச்சேன். மூணு மாசமா காலைல நாலரைக்கு எந்திரிச்சு பூஜை ரூம்ல உக்காந்து "நான் யார், நான் யார்"னு மனசுக்குள்ள சொல்லிட்டே இருக்கேன். உடம்பு நான் இல்ல, மனசு நான் இல்லன்னு ஒவ்வொண்ணா தள்ளிப் பாக்கறேன். பதில்னு ஒண்ணும் வரலைங்க. இருவது நிமிஷத்துல புருவ மத்தில விண்ணு விண்ணுனு வலி. ரெண்டு மூணு தடவை திடீர்னு ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆகி பயந்து கண்ணைத் தொறந்துட்டேன். தூக்கமும் சரியில்ல, நாள் பூரா ஒரு மந்தம் வேற, ஆபீஸ்ல ஒரே இன்வாய்ஸை ரெண்டு தடவை ஏத்திட்டேன், இருவது வருஷத்துல அப்படி நடந்ததே இல்ல.

நான் பண்றது சரியா தப்பா தெரியல. இதுக்கு நிஜமாவே ஒரு பதில் வருமா, வந்தா எப்படி இருக்கும்? இல்ல அம்மா விஷயத்துல இருந்து தப்பிக்கத்தான் நான் இதுல போய் உக்காந்துக்கறேனா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மலையடிவாரம்:

அம்மா, வணக்கம். நான் திருவண்ணாமலையில ரமண நகர் பக்கம் இருக்கேன். வாத்தியார் வேலையில இருந்து ரிட்டயர் ஆனதும் இங்கயே தங்கிட்டேன், பத்தொம்பது வருஷம் ஆச்சு. குருன்னு சொல்லிக்கிற ஆளு நான் இல்ல, நானும் இதே இடத்துல முட்டிக்கிட்டு நின்னவன், அதனால எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

மொதல்ல அந்தத் தலைவலி. நீங்க "நான் யார்"ங்கறதை ஜபமா ஆக்கிட்டீங்க. முருகா முருகான்னு சொல்ற மாதிரி "நான் யார் நான் யார்"னு சொன்னா அதுவும் ஒரு எண்ணம்தான், எண்ணத்தை வெச்சு எண்ணத்தை இடிச்சுக்கிட்டே இருந்தா தலை வலிக்காம என்ன பண்ணும். இதுல கேள்வியோட வேலை ஒரே ஒரு தடவை திருப்பி விடறதுதான். வீட்டுக்குள்ள இருந்து வெளிய பாத்துட்டு இருக்கிறவனை யாரோ தோளைத் தொட்டா திரும்பிப் பாக்கறான் இல்லையா, தொடறதோட அந்தக் கையோட வேலை முடிஞ்சுது. திரும்பினதுக்கு அப்புறமும் தட்டிக்கிட்டே இருந்தா எரிச்சல்தான் வரும்.

இந்தப் புஸ்தகம் எப்படி வந்துச்சுங்கறது தெரிஞ்சா உங்க இன்னொரு சிக்கலும் தெளியும். 1902 வாக்குல பகவான் ரமணர் திருவண்ணாமலை மலையில விரூபாட்ச குகைல இருந்தாரு, இருவத்திரெண்டு இருவத்திமூணு வயசுதான் இருக்கும், அநேகமா பேசறதே இல்ல. சிவப்பிரகாசம் பிள்ளைன்னு ரெவின்யூ இலாகால வேலை பாத்தவர் மலையேறி வந்து ஒவ்வொரு கேள்வியா கேட்க, மணல்லயும் சிலேட்டுலயும் எழுதிக் காட்டினதுதான் அந்த பதில்கள். புஸ்தகமா அச்சானது 1923லதான். அதுல ஆரம்பத்துல வர்ற நீளமான பட்டியல் இருக்கு பாருங்க, தோல் சதை ரத்தம் நானல்ல, பார்க்கிற கேட்கிற இந்திரியம் நானல்லன்னு, அது பிள்ளை தான் படிச்ச சாஸ்திரத்தை வெச்சு விரிச்சு எழுதிக்கிட்டது, பகவான் அவ்வளவு நீளமா சொல்லலை. அதனால ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிப் பாக்கற வேலையை விட்டுடுங்க. அது மூளையால பண்ற கணக்கு. கணக்குப் பாக்கறவங்க நீங்க, உங்களுக்கு அது சுலபமா வரும், அதனாலயே அதுல மாட்டிக்குவீங்க.

அப்ப என்னதான் பண்ணணும்? ஒரு எண்ணம் வருது, அம்மாகிட்ட அப்படிச் சொல்லிட்டேனேன்னு. வந்ததும் அதோட பின்னாடி போகாம, அதை அடிச்சு வெரட்டாம, இது யாருக்கு வந்துச்சுன்னு பாருங்க. எனக்குத்தான். சரி, அந்த எனக்குங்கற உணர்வு இருக்கே, அம்மா இருந்தப்பவும் இருந்தது, இப்பவும் இருக்கு, நாளைக்கு இன்வாய்ஸ் போடறப்பவும் இருக்கும், அந்த உணர்வு மேல கொஞ்சம் நில்லுங்க. ஒரு விநாடி நிக்கும். அப்புறம் நழுவிடும். அடுத்த எண்ணம் வரும். மறுபடி அதே. கோட்டைக்குள்ள எதிரி இருக்கிற வரைக்கும் வெளிய வந்துக்கிட்டேதான் இருப்பான், வர வர வெட்டிக்கிட்டே இருந்தா கோட்டை கைக்கு வரும்னு அந்தப் புஸ்தகத்துலயே உவமை இருக்கு. எத்தனை எதிரின்னு எண்ணிப் பாக்கச் சொல்லலை, எதிரியோட உக்காந்து பேசவும் சொல்லலை. குப்பையைக் கூட்டித் தள்ளறவன் அதுல என்னென்ன இருக்குன்னு ஆராய வேண்டியது இல்லன்னு இன்னொரு உவமையும் இருக்கு.

பதில் வருமான்னு கேட்டீங்க. வார்த்தையா வராதும்மா. வார்த்தையா ஒண்ணு வந்துச்சுன்னா, நான் பிரம்மம், நான் ஆத்மா அப்படி இப்படின்னு, அது படிச்சது திரும்பி வருது. பிணம் சுடற இடத்துல கொள்ளியைக் கிளறி விட ஒரு கம்பு வெச்சிருப்பாங்க, கடைசில அதையும் அதே நெருப்புல போட்டுடுவாங்க. இந்தக் கேள்வியும் அப்படித்தான், மத்த எண்ணமெல்லாம் எரிஞ்சதும் தானும் எரிஞ்சு போகணும். பதிலை எதிர்பார்த்து உக்காந்தா அந்த எதிர்பார்ப்பே பெரிய எண்ணமா குறுக்க நிக்கும்.

ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆகி பயந்துட்டேன்னு எழுதினீங்க. அந்த பயம் யாருக்குன்னு பாக்கலாம்னு நான் சொல்லலாம், ஆனா இப்ப உங்க நிலைமைல அதுக்கு முண்டாதீங்க. பயம் வந்தா கண்ணைத் தொறங்க, மூச்சு போறதையும் வர்றதையும் மட்டும் கவனிச்சுட்டு இருங்க. மூச்சு அடங்கறது மனசு அடங்க ஒரு உதவின்னு அந்தப் புஸ்தகத்துலயே இடம் இருக்கு, அடங்கினது தற்காலிகம்தான்னும் சொல்லியிருக்கு, ஆனாலும் உதவிதான். புருவ மத்தில வலிக்குதுன்னா நீங்க அந்த இடத்துல கவனத்தை முறுக்கிப் பிடிக்கறீங்கன்னு அர்த்தம், எந்த இடத்துலயும் பிடிக்க வேண்டாம்.

ஓஎம்ஆர் பையன்:

அக்கா எனக்கும் இதே தலைவலி இருந்துச்சு, ஆறு மாசம். ஐயா சொன்னதுதான் கரெக்ட். நான் யூடியூப்ல ஒரு இருவது வீடியோ பாத்து ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லி, ஒருத்தர் மார்புக்கு வலது பக்கம் கவனம் வைங்கறாரு, இன்னொருத்தர் உச்சந்தலைங்கறாரு, எல்லாத்தையும் கலந்து பண்ணி நைட் தூக்கமே போயிடுச்சு. எல்லாத்தையும் நிறுத்திட்டு அந்த ஒரே சின்னப் புஸ்தகத்தை மட்டும் வெச்சுக்கிட்டேன்.

எனக்கு இது உக்காந்து பண்ணப்ப வரவே இல்ல, வேலை நடுவுல வந்துச்சு. ஒரு நாள் ஆன்லைன் மீட்டிங்ல மேனேஜர் எல்லார் முன்னாடியும் நான் எழுதின ப்ரோக்ராமைப் போட்டுக் காட்டி இது யார் பண்ணதுன்னு கேட்டாரு. மூஞ்சி சூடாகி காது கிட்ட இரைச்சல் மாதிரி, உங்களுக்கும் அவமானப்பட்டப்ப அப்படி இருந்திருக்கும். அந்த நேரத்துல என்னமோ தெரியல, யாருக்கு இந்தச் சூடுன்னு உள்ள திரும்பிச்சு, அவ்வளவுதான், ஒரு செகண்ட் இருக்குமா, அரை செகண்ட் இருக்குமா, கோபம் இருந்துச்சு ஆனா கோபப்படற ஆளு இல்ல. அப்புறம் பழையபடி ஆகிடுச்சு, சாயங்காலம் வரைக்கும் பொருமிக்கிட்டுதான் இருந்தேன். ஆனா அந்த அரை செகண்ட் எனக்கு மறக்கவே இல்ல. அன்னிலேர்ந்து டெய்லி சோழிங்கநல்லூர் சிக்னல்ல பைக்கை நிறுத்தும்போது, ஹாரன் அடிச்சு டென்ஷன் ஏறும்போது, திரும்பிப் பாக்கறேன். பத்து தடவைல ஒரு தடவை வரும்.

நாலரை மணிக்கு எந்திரிக்கறது உங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்குதுன்னா விட்டுடுங்க அக்கா. எந்த நேரத்துலயும் பண்ணலாம்.

உடுமலை அன்பு:

வாழ்க வளமுடன் சகோதரி. நான் வேதாத்திரி மகரிஷியோட மனவளக்கலை தியானப் பயிற்சி பண்றவ, பதினாலு வருஷமா. ஆழியாறுல பயிற்சி எடுத்தேன். மேல ரெண்டு பேரும் சொன்னது உயர்ந்த விஷயம்தான், நான் மறுக்கலை, ஆனா துக்கத்துல இருக்கற ஒருத்தரை எடுத்த எடுப்புலயே நான் யார்னு உக்கார வெக்கறது எனக்கு சம்மதம் இல்ல. எங்க மகரிஷி அகத்தாய்வுல, அதாவது நம்மளை நாமளே ஆராயற பயிற்சில, அஞ்சு படி வெச்சிருக்காரு, எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், இதெல்லாம் முடிஞ்சு கடைசிலதான் நான் யார் வருது. ஏன் கடைசில வெச்சாருன்னு எனக்கு ரொம்ப நாள் புரியல, வீட்டுல நடந்த ஒரு விஷயத்துலதான் புரிஞ்சுது.

எனக்கும் மாமியாருக்கும் பேச்சுவார்த்தை இல்லாம நாலு வருஷம். சினம் தவிர்த்தல் பயிற்சில ஒரு நோட்டுல எழுதச் சொன்னாங்க, யார் மேல கோபம், எதுக்கு, எத்தனை தடவை வருதுன்னு. எங்க வீட்டு நோட்டுல ஒரே பேருதான் பக்கம் பக்கமா. ஒரு நாள் பாத்திரம் விளக்கிட்டு இருக்கேன், அவங்க பின்னாடி வந்து நின்னு நான் கழுவி கவுத்து வெச்ச சட்டியை எடுத்து மறுபடி கழுவினாங்க. பொங்கிட்டு வந்துச்சு. நோட்டுல எழுதணுமேன்னு நெனச்சேன், என்னன்னு எழுதறது, சட்டியைக் கழுவினாங்கன்னா? அப்பத்தான் பாத்தேன், கோபம் சட்டிக்கு இல்ல, என் வேலை சரியில்லன்னு நெனச்சுட்டாங்களேங்கற இடத்துல இருந்து வருது. திரும்பி அவங்க கையைப் பாத்தேன், விரலெல்லாம் மடங்கி, அறுவது வருஷமா அந்தக் கை பாத்திரம் கழுவுது, அதுக்கு சும்மா இருக்கத் தெரியல. அன்னிக்கு ராத்திரி நோட்டுல ஒண்ணும் எழுதலை.

கவலையை மகரிஷி நாலா பிரிக்கறாரு. அனுபவிச்சே தீர்க்க வேண்டியது, அலட்சியம் செய்ய வேண்டியது, தள்ளிப்போட வேண்டியது, உடனே தீர்க்க வேண்டியது. உங்க அம்மா விஷயம் மொதல் வகை சகோதரி. அதை இன்னொரு பயிற்சியால மூடி வெச்சா உள்ளயே கிடந்து புளிக்கும். ஒரு நோட்டு எடுத்து அந்த ராத்திரி நடந்ததை முழுசா எழுதுங்க, ஒரு தடவை இல்ல, வர்ற போதெல்லாம்.

மலையடிவாரம்:

அன்பு அம்மா சொன்னதுல இருந்து ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிக்கலாம், விவாதம் பண்ண இல்ல. அகத்தாய்வுங்கறது எண்ணத்தை எடுத்து வெச்சு இது எங்க இருந்து வந்துச்சு, ஏன் வந்துச்சுன்னு சீர்தூக்கறது. ஆத்ம விசாரம்ங்கறது எண்ணத்தை விட்டுட்டு எண்ணறவனைப் பாக்கறது. ரெண்டும் வேற வேலை. ஒண்ணைப் பண்ணும்போது இன்னொண்ணை நடுவுல நுழைச்சாத்தான் குழப்பம். நொய்யல்கரை அம்மா பண்ணினது ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணினதுன்னு நெனக்கிறேன், கண்ணை மூடி நான் யார்னு கேட்டுட்டு, அம்மா ஞாபகம் வந்ததும் நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு ஆராய்ச்சி.

எழுதறது நல்லதுதான். நான் எங்கப்பா போனப்ப எழுதினேன். எழுதற நேரம் எழுதற நேரமா இருக்கட்டும்.

இரவுப்பணி:

நான் ஆன்மிகம் பத்தி ஒண்ணும் சொல்லப் போறதில்லைங்க, எனக்கு அவ்வளவு தெரியாது. நான் நர்ஸ். 22 வருஷ சர்வீஸ்ல 13 வருஷம் டயாலிசிஸ் யூனிட்லதான். மேல எல்லாரும் மனசைப் பத்தி சொன்னாங்க, அந்தத் தண்ணியைப் பத்தி யாரும் சொல்லலை, அதான் எழுதறேன்.

அக்கா, கிட்னி வேலை செய்யாத உடம்புல குடிக்கிற தண்ணி வெளிய போக வழி கிடையாது. அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் உள்ளயேதான் தேங்கும், கால் வீங்கும், மிஞ்சினா நுரையீரல்ல போய் தேங்கி மூச்சு முட்டும், இருதயத்துக்கு பாரம். படுக்க முடியாம ராத்திரி பூரா உக்காந்தே மூச்சு வாங்கறவங்களை நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன், அது பாக்கறதுக்கே ரொம்பக் கொடுமை. அளவு சொல்றது அதுக்காகத்தான். நீங்க அன்னிக்கு டம்ளரைக் கொடுக்காம இருந்தது உங்க அம்மாவைப் பாத்துக்கிட்டதுதான்.

அந்த தாகம் தீரவே தீராத தாகம். எங்க யூனிட்டுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் நாக்கு வறண்டு போய்த்தான் வருவாங்க. கூட வர்ற பொண்ணுங்க, மருமகளுங்க, பையனுங்க எல்லாரும் வெளிய பெஞ்சுல உக்காந்து என்கிட்ட சொல்றது இதே வார்த்தைதான், தண்ணி கேட்டாங்க சிஸ்டர், கத்திட்டேன். ஒருத்தர் விடாம சொல்லுவாங்க. ஒரு அம்மா கோடு போட்ட எவர்சில்வர் டம்ளர் வெச்சிருப்பாங்க, ஆணியால கீறினது, அது வரைக்கும்தான் ஊத்துவாங்க, ஊத்திட்டு திரும்பி நின்னு அழுவாங்க. வெடுக்குனு பேசினது உங்க மனசு கெட்டதால இல்ல, ரெண்டு வருஷம் தூக்கம் இல்லாததால. நோயாளிக்கு அது தெரியும். எங்ககிட்ட சொல்லுவாங்க, பாவம் சிஸ்டர் எம்பொண்ணு, வேலைக்கும் போயிட்டு என்னையும் தூக்கி சுமக்குதுன்னு. உங்க அம்மா எந்த ஆஸ்பத்திரில யார்கிட்ட சொன்னாங்களோ தெரியாது, ஆனா அந்த பெட்ல படுத்து சொல்லாதவங்களை நான் பாத்தது குறைவு.

இன்னொண்ணு. எட்டு மாசமா தூக்கம் சரியில்ல, மந்தமா இருக்கு, வேலைல தப்பு வருது, திடீர்னு ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆகி பயம் வருதுன்னு எழுதியிருக்கீங்க. இது தியானத்தால வந்ததா துக்கத்தால வந்ததான்னு நாம இங்க உக்காந்து முடிவு பண்ண முடியாது. ஒரு மனநல டாக்டரைப் பாத்துடுங்க. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில அதுக்குன்னு தனி ஓபி இருக்கு. டெலிமானஸ்னு அரசாங்கத்தோட இலவச போன் லைன் இருக்கு, 14416, ராத்திரி பகல் எப்ப வேணும்னாலும் பேசலாம், தமிழ்லயே பேசுவாங்க. டாக்டரைப் பாத்தா சாமி வழி போயிடும்னு ஒண்ணும் கிடையாது.

மலையடிவாரம்:

இரவுப்பணி சகோதரி, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணலை. நான் எழுதியிருக்க வேண்டியதை நீங்க எழுதிட்டீங்க.

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கறேன், அந்த அம்மா தப்பிக்கத்தான் இதுல உக்காந்துக்கறேனான்னு கேட்டாங்களே அதுக்கு. ரமணர்னா பந்தமெல்லாம் அறுத்தவர், அம்மா வந்து அழுதப்பவும் அசையலைன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. 1914ல அவரோட அம்மா அழகம்மாள் திருப்பதி போயிட்டு வர்ற வழியில விரூபாட்ச குகைல வந்து தங்கினாங்க, கடுமையான ஜுரம், பல நாள் நினைவில்லாம கிடந்தாங்க. அப்ப அவர் என்ன பண்ணாரு தெரியுமா, கூடவே இருந்து பாத்துக்கிட்டு, அம்மாவைக் காப்பாத்துன்னு அருணாசலத்துகிட்ட வேண்டி நாலு பாட்டு எழுதினாரு. யாருக்கு ஜுரம், விசாரிச்சுப் பாருன்னு அம்மாகிட்ட பாடம் நடத்தலை. பிழைச்சு எழுந்தாங்க. அப்புறம் 1922 மே 19, அப்ப அவங்க இருந்த மலை மேல கந்தாசிரமத்துல அம்மாவுக்குக் கடைசி நாள். காலைல இருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஒரு கையை நெஞ்சுலயும் ஒரு கையைத் தலையிலயும் வெச்சுக்கிட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. அடிவாரத்துல அம்மாவை அடக்கம் பண்ணினாங்க, கந்தாசிரமத்துல இருந்து தினம் இறங்கி வந்து அந்த சமாதிகிட்ட உக்காருவாரு, சில மாசத்துல ஒரு நாள் மேல திரும்பிப் போகாம அங்கயே இருந்துட்டாரு. இன்னிக்கு ஆசிரமம்னு நாம போறது அந்த சமாதியைச் சுத்தி வளர்ந்த இடம்தான். உள்ள மாத்ருபூதேஸ்வரர் சன்னிதி இருக்கறது அந்த அம்மாவோட சமாதி மேலதான்.

விசாரம் ஒத்து வரலைன்னா சரணாகதின்னு ரெண்டாவது வழியும் அவரே சொன்னதுதான். ரயில் எல்லா பாரத்தையும் தாங்கிட்டுப் போகும்போது நம்ம சின்ன மூட்டையைக் கீழ வெக்காம தலையில சுமந்துக்கிட்டு ஏன் நிக்கணும்னு நான் யார் புஸ்தகத்துலயே இருக்கு. விசாரம் பண்ண முடியாத நாள்ல நான் மூட்டையை இறக்கிட்டேன்னு சொல்லிட்டுப் படுத்துக்குவேன். எங்க வீட்டுக்காரி தவறிப்போன வருஷம் நான் பண்ணினது அது ஒண்ணுதான், ஒரு வருஷம் பூரா.

ஓஎம்ஆர் பையன்:

இரவுப்பணி அக்கா, நான் எங்கம்மாவுக்கு இப்பதான் போன் பண்ணேன்.

நொய்யல்கரை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலைங்க. மூணு வாரம் கழிச்சு எழுதறேன், உடனே எழுத முடியல.

இரவுப்பணி தங்கச்சி, நீங்க எழுதினதை ஆபீஸ்ல மத்தியான சாப்பாட்டு நேரத்துல படிச்சேன், எந்திரிச்சு ஸ்டாக் ரூமுக்குப் போயி துணி பண்டலுக்கு நடுவுல நின்னு அழுதேன், எட்டு மாசத்துல அப்படி அழுததே இல்ல. காரியத்தன்னிக்குக் கூட வந்தவங்களுக்கு காபி கொடுத்துட்டு நின்னேன். அன்னிக்கு ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கினேங்க. டாக்டரையும் பாத்தாச்சு, தூக்கத்துக்கு சின்னதா ஒரு மாத்திரை கொடுத்திருக்காரு, தியானம் பண்றேன்னு சொன்னேன், தூக்கம் சரியாகற வரைக்கும் ரொம்ப நேரம் கண்ணை மூடி உக்கார வேண்டாம்னு சொன்னாரு.

அதனால நாலரை மணி உக்காருறதை விட்டுட்டேன். அன்பு அக்கா சொன்ன மாதிரி ஒரு நோட்டு போட்டு எழுதறேன். அந்த ராத்திரியை நாலு தடவை எழுதிட்டேன். நாலாவது தடவை எழுதும்போது எனக்கு மறந்தே போன ஒண்ணு ஞாபகம் வந்துச்சுங்க. லைட்டை அணைச்சுட்டு வந்ததுக்கு அப்புறம் மனசு கேக்காம திரும்பிப் போயி பஞ்சை நனைச்சு அம்மா உதட்டை ஈரம் பண்ணி விட்டேன். அம்மா கண்ணைத் தொறக்காமயே என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. இது நடந்துச்சு. இத்தனை நாள் அந்த வெடுக்குனு சொன்ன வார்த்தை மட்டும்தான் நின்னுச்சு, இது எங்க போச்சுன்னே தெரியல.

வாத்தியார் ஐயா, நீங்க சொன்னபடி கேள்வியை சொல்லிட்டே இருக்கறதை நிறுத்திட்டேன். முந்தாநேத்து ராத்திரி தண்ணி குடிக்க டம்ளரை எடுத்தேன், வழக்கம் போல அந்த நெனப்பு வந்துச்சு, யாருக்குன்னு பாத்தேன். பதில் ஒண்ணும் இல்ல. ஆனா தலை வலிக்கலை, பயமும் வரலை. டம்ளரைப் பிடிச்ச கை சில்லுனு இருந்துச்சு, சமையல்கட்டுல ஃபிரிட்ஜ் சத்தம் கேட்டுச்சு, நான் நின்னுட்டு இருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல, கொஞ்ச நேரம்தான் இருக்கும். அப்புறம் தண்ணியைக் குடிச்சேன். இதைத்தான் நீங்க சொன்னீங்களா இல்ல வேற ஏதாவதான்னு எனக்குத் தெரியாது, எதுக்கும் எழுதி வெக்கறேன்.

ஐயா, அம்மாவுக்கு வருஷ திதி வருது, அது முடிஞ்சு ரெண்டு நாள் திருவண்ணாமலை வரலாம்னு இருக்கேன். ஆசிரமத்துல தங்க முன்னாடியே எழுதிக் கேக்கணுமாமே, தனியா வர்ற பொம்பளைக்கு கொடுப்பாங்களா? கிரிவலம் 14 கிலோமீட்டர் என்னால முடியுமான்னு தெரியல, முட்டி வலி இருக்கு. அந்த மாத்ருபூதேஸ்வரர் சன்னிதில உக்கார விடுவாங்களாங்கய்யா?

மலையடிவாரம்:

கொடுப்பாங்கம்மா, தனியா வர்ற பெண்கள் நிறைய பேர் தங்கறாங்க, ஆசிரமத்துக்கு தேதி போட்டு சீக்கிரமே எழுதிடுங்க, பௌர்ணமியை ஒட்டி வேண்டாம், கூட்டம் தாங்காது. காசுன்னு எதுவும் கேக்க மாட்டாங்க. கிரிவலம் இந்தத் தடவை வேண்டாம், முட்டி வலியோட தார் ரோட்டுல செருப்பில்லாம 14 கிலோமீட்டர் கஷ்டம். காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி ஆசிரமத்துப் பின்பக்கமா கந்தாசிரமம் ஏறற கல்பாதை இருக்கு, மெதுவா நின்னு நின்னு ஏறுங்க, முடியலைன்னா பாதி வழில ஒரு பாறை மேல உக்காந்துட்டு இறங்கிடுங்க, அங்கிருந்தே கோயில் கோபுரமெல்லாம் தெரியும்.

சன்னிதி திறந்திருக்கற நேரத்துல அங்க உக்காரலாம்.  சாயங்காலம் தமிழ்ப் பாராயணம் நடக்கும், அந்த நேரத்துக்கு வந்துடுங்க. தண்ணி பாட்டில் கையில வெச்சுக்கோங்க, மலையில வெயில் ஜாஸ்தி.